கேஸ் மாத்திரையை விட முடியுமா? மருந்தாளுநரிடம் கேள்வி பதில்

மூன்று வருடமாகத் தினமும் காலையில் பேன்டோபிரசோல் 40 போடுகிறேன் சார். நிறுத்தினால் மூன்றாம் நாளே நெஞ்சு எரிகிறது. அப்போது ஆயுசுக்கும் வேண்டும் என்றுதானே அர்த்தம்?

அந்த எரிச்சலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இந்த மாத்திரையால் வயிற்றில் அமிலம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டி, "இன்னும் சுர" என்று வயிற்றை விரட்டும். மாத்திரை உள்ளே இருக்கும்வரை அந்த விரட்டல் பலிக்காது. நிறுத்தியதும் வட்டியோடு வந்து நிற்கும்.

2009-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு 8 வாரம் ஈசோமெப்ரசோல் (இதே வகை மாத்திரைதான்), இன்னொரு பிரிவுக்கு டம்மி மாத்திரை. மருந்தை நிறுத்திய பிறகு முதல் பிரிவில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு மாதிரித் தொந்தரவுகள் வந்தன. டம்மி பிரிவில் 15 சதவீதம்தான். நோயே இல்லாதவருக்கும் எரிந்திருக்கிறது, பாருங்கள்.

இந்த மாத்திரையை முதலில் எதற்கு எழுதினார்கள் என்று பழைய சீட்டைத் தேடிப் பாருங்கள். ஐந்து நாள் வலி மாத்திரைக்குத் துணையாக எழுதியது, வலி மாத்திரை நின்ற பிறகும் வருடக்கணக்கில் ஓடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் இப்போது இல்லை என்று டாக்டரும் சொன்னால், 40-லிருந்து 20-க்கு இறங்கி இரண்டு முதல் நான்கு வாரம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்தம். ஒரேயடியாக நிறுத்துவதும் தவறில்லை. படிப்படியாக இறங்குவது பலருக்குத் தாங்க எளிது, அவ்வளவுதான். இடையில் எரிந்தால் அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் சிரப் போதும். தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், சில மணி நேர இடைவெளி வேண்டும்.

40-ஐப் பாதியாக உடைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மேல்பூச்சு இருப்பதே வயிற்று அமிலத்தில் மருந்து கெடாமல் குடலுக்குப் போய்ச் சேரத்தான். 20 என்றே தனியாகக் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரெலும் ஓடுகிறது. அவருக்கும் கேஸ் மாத்திரையை நிறுத்திவிடவா?

கை வைக்காதீர்கள் அம்மா. அவருக்கு அது வயிற்றில் ரத்தம் கசியாமல் இருக்கக் காவல். அந்தச் சீட்டில் ஒமேப்ரசோலோ ஈசோமெப்ரசோலோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். அவை கிளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும், மாற்று மருந்து உண்டு. அல்சரில் ரத்தம் போனவர்கள், உணவுக்குழாயில் கடுமையான புண் வந்தவர்கள், பேரட்ஸ் உணவுக்குழாய் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்படலம் மாறிப்போவது) என்று எண்டோஸ்கோபியில் சொல்லப்பட்டவர்கள், இவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

கிட்னி போகும், எலும்பு உடையும் என்கிறார்களே?

பயந்து நிறுத்தாதீர்கள். பதினேழாயிரம் பேருக்கு மேல் சுமார் 3 வருடம் கவனித்த ஒரு பெரிய ஆய்வில், பேன்டோபிரசோல் பிரிவில் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே. சிறுநீரக அழற்சி அபூர்வமாக வருவதுண்டு. பல வருடம் போட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம், அதை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம். தேவை இருந்தால் இது நல்ல மருந்துதான்.

எனக்கு ராத்திரியில்தான் எரிச்சல்.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்தும். இடது பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும்.

நிறுத்தி இரண்டு மாதத்துக்கு மேல் ஆச்சு. இன்னும் வாரத்தில் மூன்று நாள் எரிகிறது.

இத்தனை நாளுக்குப் பிறகும் என்றால், அது பெரும்பாலும் உங்கள் பழைய தொந்தரவேதான். குறைந்த டோஸிலோ, எரியும் நாட்களில் மட்டுமோ திரும்பத் தொடங்கலாமா என்று டாக்டரிடம் பேசுங்கள். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சாப்பாடு தொண்டையில் சிக்குகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் மாத்திரைப் பேச்சையே விட்டுவிட்டு உடனே போய்க் காட்டுங்கள்.