ஜெர்மனியில் கணினி அறிவியல்: தரவரிசைக்கு முன் உங்கள் பாடப்பட்டியல்

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் இசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிஜிபிஏ 8.1. ஜெர்மனியில் கணினி அறிவியல் எம்.எஸ். படிக்க ஆசை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கே முயற்சி செய் என்கிறார்கள் நண்பர்கள். கன்சல்டன்சியில் பெர்லின் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் உடனே சீட் கிடைக்கும் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் இசிஇ மாணவர் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணுக்கு முன்பே, இளநிலையில் என்னென்ன பாடம் படித்தீர்கள் என்று பார்க்கும். அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், தியரி ஆஃப் கம்ப்யூடேஷன், கணிதம் என்று ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்சம் இத்தனை ஈசிடிஎஸ் கிரெடிட் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாடச்சுமையை அளக்கும் அலகு) வேண்டும் என்று பல படிப்புகளின் சேர்க்கை விதியிலேயே எழுதியிருக்கும். ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 ஈசிடிஎஸ் என்பது கணக்கு. இசிஇ மாணவர்களுக்குக் கணிதம் தேறிவிடும். தியரி பக்கம்தான் இடிக்கும். அங்கே குறைந்தால் சிஜிபிஏ 9 இருந்தாலும் நிராகரித்துவிடுவார்கள். எனவே இந்த வாரமே நான்கைந்து படிப்புகளின் விதிகளை எடுத்து, உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்றாம் ஆண்டில் இருப்பது நல்லதாகப் போயிற்று: மீதி செமஸ்டர்களில் விடுபட்ட பாடங்களை எலெக்டிவ்வாக எடுக்க வழி இருக்கிறதா என்று துறையில் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலில் ஏறாத ஆன்லைன் சான்றிதழ்களைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

இடைவெளி பெரிதென்றால், ஃப்ரைபர்க், கெம்னிட்ஸ் போன்ற இடங்களில் உள்ள எம்பெடட் சிஸ்டம்ஸ் (சாதனங்களுக்குள் இயங்கும் கணினி அமைப்புகள்) படிப்புகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பின்னணிக்கு அது நேரான பாதை.

அப்புறம் செலவு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களிடம் படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட், ஃப்ரைபர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1,500 யூரோ. ஆக்கன், சார்ப்ரூக்கன் போன்ற இடங்களில் வழக்கமான முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும்தான். சார்ப்ரூக்கனை நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். மேக்ஸ் பிளாங்க் இன்ஃபர்மேட்டிக்ஸ் நிறுவனமும் செயற்கை நுண்ணறிவுக்கான ஜெர்மன் ஆய்வு மையத்தின் ஒரு பிரிவும் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கின்றன. ஆராய்ச்சியில் நாட்டமிருந்தால் அவசியம் பாருங்கள். ஆனால் தியரியில் பலமில்லாமல் அங்கே போகாதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகம் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். அரசு அங்கீகாரம் உண்டா, அந்தக் குறிப்பிட்ட படிப்பு அக்ரெடிட்டேஷன் (தரச் சான்று) பெற்றதா, மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் நீங்களே சரிபாருங்கள். சேர்த்துவிட்டால் கன்சல்டன்சிக்குக் கமிஷன் வருமா என்பதையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். "உடனே சீட்" என்று அவசரப்படுத்தும் இடத்தில் முன்பணம் கட்டவே கட்டாதீர்கள்.

இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (உங்கள் கல்வி ஆவணங்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம். அது கைக்கு வர நாளாகும் என்பதால் விண்ணப்பக் கடைசித் தேதிக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். விசாவுக்கு பிளாக்ட் அக்கவுண்ட்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. கல்விக் கடன் வாங்குவதென்றால் வீட்டில் இந்தத் தொகையையும் சேர்த்தே பேசுங்கள்.