ஒரே கேபிளில் ஸ்டோரேஜும் நெட்வொர்க்கும்

கேள்வி: சர்வர் ஒன்றுக்கு இரண்டு ஈதர்நெட் கேபிள், இரண்டு ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்கான தனி நெட்வொர்க்) கேபிள் என்றிருந்ததைக் குறைத்து, ஃபைபர் சேனலை ஈதர்நெட் கேபிளிலேயே அனுப்பும் 10 கிகாபிட் எஃப்.சி.ஓ.இ.க்கு மாறினோம். நெட்வொர்க் நன்றாக ஓடுகிறது. போர்ட்டும் 'அப்' என்கிறது. ஆனால் ஸ்டோரேஜ் டிஸ்க் தெரியவே இல்லை. எங்கே தேடுவது?

பதில்: நீங்கள் பார்த்த 'அப்' ஈதர்நெட் போர்ட்டுடையது. அதன்மேல் கட்டப்படும் மெய்நிகர் ஃபைபர் சேனல் போர்ட் எழுந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். எழவில்லை என்றால் முதல் சந்தேகம் ட்ரங்க் மீதுதான். ஒரே கேபிளுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்தான் வி.லேன்கள்; பல வி.லேன்களைச் சுமக்கும் லிங்க் ட்ரங்க். 'ஸ்டோரேஜ் எந்த வி.லேனில் இருக்கிறது?' என்று சர்வரின் கார்டு முதலில் விசாரிக்கும். அந்த விசாரணை டேக் (வி.லேன் எண்) இல்லாமல், டேக் இல்லாதவற்றுக்கான நேட்டிவ் வி.லேனில் போகும். பாதுகாப்பு என்று சொல்லி நேட்டிவ் வி.லேனை ட்ரங்க்கிலிருந்து எடுத்துவிட்டால் கேள்வியே ஸ்விட்ச்சுக்குள் நுழையாது. ஸ்டோரேஜ் வி.லேனையே நேட்டிவாக வைப்பதும் தவறு.

ட்ரங்க் சரி என்றால் அடுத்தது டி.சி.பி.எக்ஸ்., அதாவது ஃப்ரேம் தொலையாமல் அனுப்பும் ஏற்பாட்டை கார்டும் ஸ்விட்ச்சும் பேசிக்கொள்ளும் முறை. தாங்கல் (பஃபர்) நிரம்பினால் ஈதர்நெட் ஃப்ரேமை (தரவுப் பொட்டலத்தை) எறிந்துவிடும். ஃபைபர் சேனலுக்கு அது ஆகாது. அதனால் 8 முன்னுரிமைகளில் ஒன்றை (பெரும்பாலும் 3) ஸ்டோரேஜுக்கு ஒதுக்கி, நெரிசல் வந்தால் அதை மட்டும் நிறுத்திவைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை இரு முனையும் எல்.எல்.டி.பி. (பக்கத்துக் கருவிகள் தங்களை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை) வழியாகப் பேசி முடிவு செய்கின்றன. ஸ்விட்ச் போர்ட்டில் எல்.எல்.டி.பி. அணைந்திருந்தாலோ, கார்டின் ஃபர்ம்வேரும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் தனித்தனியாக அதை இயக்கினாலோ பேச்சு முறிந்துவிடும்.

பிறகு டிஸ்க் தெரிந்து, பெரிய ஃபைலைப் படிக்கும்போது மட்டும் தொங்கினால் எம்.டி.யு.வை (அனுமதிக்கும் மிகப் பெரிய ஃப்ரேம் அளவை) பாருங்கள். முழு ஃபைபர் சேனல் ஃப்ரேம் 2,148 பைட். ஈதர்நெட் தலைப்புகளோடு ஏறத்தாழ 2,180. லாகின் ஃப்ரேம்கள் சிறியவை, 1,500க்குள் புகுந்து போய்விடும். பெரியவை மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் இங்கே துண்டாக்கும் வழியே கிடையாது. ஸ்டோரேஜுக்கு ஒதுக்கிய முன்னுரிமை வகுப்புக்கு 2,500 பைட் இடம் கொடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: கேபிள் குறைந்தது என்பதற்காக ஏ, பி பாதைகளை (ஒன்று போனால் மற்றது தாங்குவதற்கான இரு தனி ஸ்டோரேஜ் பாதைகளை) கலந்துவிடாதீர்கள். ஏ பக்க ஸ்டோரேஜ் வி.லேன் ஏ ஸ்விட்ச்சோடு நிற்கட்டும். இரண்டு ஸ்விட்ச்களையும் இணைக்கும் லிங்க்கில் அதை விடவே கூடாது.

கேள்வி: எங்களிடம் ஃபைபர் சேனலே இல்லை. ஐஸ்கஸிக்கு (சாதாரண ஐ.பி. நெட்வொர்க்கில் ஸ்டோரேஜ் அனுப்பும் முறைக்கு) இரண்டு 25 கிகாபிட் போர்ட்களை எல்.ஏ.சி.பி.யால் (பல போர்ட்களை ஒன்றாகக் கட்டும் நெறிமுறையால்) சேர்த்தால் 50 கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஒரு டி.சி.பி. இணைப்பு முழுவதும் ஒரே போர்ட்டில்தான் போகும். ஐஸ்கஸி செஷன் பெரும்பாலும் ஒற்றை இணைப்பு. போர்ட்களைச் சேர்க்காமல் விட்டு, ஆளுக்கொரு சப்நெட் (ஐ.பி. முகவரித் தொகுதி) கொடுத்து, மல்ட்டிபாத் (ஒரே டிஸ்க்கைப் பல பாதைகளில் அணுகும் மென்பொருள்) வழியாக இரண்டையும் பயன்படுத்துங்கள். ஃபைபர் சேனல் பழைய சொத்தாக இல்லாத இடத்தில் எஃப்.சி.ஓ.இ.யைப் புதிதாக இழுத்துவருவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஐஸ்கஸியோ, கருவிகள் ஏற்றால் என்.வி.எம்.இ. டி.சி.பி.யோ (வேகமான எஸ்.எஸ்.டி.களுக்கான என்.வி.எம்.இ.யை டி.சி.பி. வழியாக அனுப்பும் முறை) போதும்.

ஜம்போ ஃப்ரேம் (வழக்கமான 1,500 பைட்டைவிடப் பெரிய ஃப்ரேம்) வைத்தால் எம்.டி.யு. சர்வர், ஸ்டோரேஜ் இரண்டிலும் 9,000, நடுவில் உள்ள எல்லா ஸ்விட்ச்சிலும் 9,216. சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்று குறித்து 8,972 பைட்டில் பிங் அனுப்புங்கள் (9,000இல் ஐ.பி. தலைப்பு 20, ஐ.சி.எம்.பி. தலைப்பு 8 கழிந்தது). சாதாரண பிங் எதையும் நிரூபிக்காது. இடையில் ஒரு ஸ்விட்ச் 1,500லேயே நின்றாலும் அது பதில் கொண்டுவந்துவிடும்.