மறுமொழி: நான்காம் வகுப்புக்குச் சூரியக் குடும்பம் பாடத் தயாரிப்பு

வணக்கம். ஒரு பாடத்துக்காக இரண்டு மணி நேரம் இணையத்தில் தேடியும், கோள்கள் எட்டா ஒன்பதா என்பதில்கூடத் தளத்துக்குத் தளம் முரண்படுவதாக எழுதியிருந்தீர்கள். தேடுபொறியை விட்டுவிட்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள குழந்தைகள் கலைக்களஞ்சியத்திலிருந்து தொடங்குங்கள். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வந்த அந்நூலின் நடை, பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படியே வாசித்துக் காட்டத்தக்கது.

ஆனால் அது அச்சான காலத்தில் புளூட்டோவும் கோளாகவே எண்ணப்பட்டது. 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என வகுத்தபின் கோள்கள் எட்டே. நீங்கள் கண்ட முரண்பாட்டுக்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். ஆகவே விளக்கத்தைப் பழைய நூலிலிருந்தும், எண்களைத் தமிழ் விக்கிப்பீடியாவில் அடிக்குறிப்புள்ள வரிகளிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த எண்ணைப் பிள்ளைகளின் கையில் பொருளாகக் கொடுங்கள். வியாழனின் விட்டம் பூமியைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு. பூமி ஒரு மிளகு என்றால் வியாழன் ஒரு பெரிய எலுமிச்சை. சூரியனோ 109 மடங்கு என்பதால், கரும்பலகையில் அரை மீட்டருக்கும் சற்று அகலமான வட்டமாக வரைந்து, அதன் ஓரத்தில் ஒரு பிள்ளையிடம் அந்த மிளகைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.