நடையும் பயணமும் பொது இடத்துச் சிற்ப, ஓவியங்களுக்குக் கருவாகுமா? சென்னையில் அப்படி ஏதாவது உண்டா?

உண்டு. மெரினாவிலேயே இரண்டு இருக்கின்றன. காந்தி சிலையிலிருந்து காமராஜர் சாலையோரமாக வடக்கே நடந்தால் பாரதி சாலை முனையில் கண்ணகி. இரண்டு பேருமே நடந்து பேர் வாங்கியவர்கள்.

காந்தி சிலை 1959-ல் வைத்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. உழைப்பாளர் சிலையும் அவர் கைவண்ணம்தான். 1930 தண்டி யாத்திரை 24 நாள், ஏறக்குறைய 385 கிலோமீட்டர். குனிந்து உப்பு அள்ளும் காந்தியைச் செய்யாமல், தடியூன்றி எட்டுவைக்கும் காந்தியைச் செய்தாரே, அங்கேதான் சிற்பி ஜெயிக்கிறார். பக்கவாட்டில் நின்று பாருங்கள், நடையின் வேகம் தெரியும்.

கண்ணகி 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்தவள். 2001-ல் அகற்றினார்கள், 2006-ல் திரும்ப வைத்தார்கள். கையில் சிலம்போடு நிற்பது பாண்டியன் அவைக்கு வந்த கண்ணகி. கோபம் சரிதான், ஆனால் எனக்குப் பிடித்தவள் அதற்கு முந்தைய கண்ணகி. புகாரைவிட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே கால் நோக, மூச்சு வாங்க, "மதுரை எங்கே?" என்று கேட்கிறாளே, அவள். முப்பது காதம் பாக்கி இருக்கிறது. கோவலன் பக்கம்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். அந்தக் களைத்த பாதங்களுக்கு இன்னும் யாரும் சிலை வைக்கவில்லை என்பது என் குறை.

வெளிநாட்டில் நடையையே கலையாக்கியவர்களும் உண்டு. ரிச்சர்ட் லாங் 1967-ல் இங்கிலாந்தில் ஒரு புல்வெளியில் திரும்பத் திரும்ப நடந்து, விழுந்த கோட்டைப் படம் எடுத்தார். நம் ஊர் மைதானங்களில் குறுக்கே ஒற்றையடிப்பாதை எத்தனையோ, யாரும் கையெழுத்துப் போடுவதில்லை!

அப்புறம், துரைப்பாக்கம் பக்கத்துக் கண்ணகி நகர். சென்னை நகருக்குள் குடிசைகளை இழந்தவர்களை 2000 வாக்கில் தொடங்கி அங்கே குடியமர்த்தினார்கள். ஊரைவிட்டு நடந்தவளின் பேரே அந்த இடத்துக்கும் அமைந்திருக்கிறது. 2020-ல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் ஆளுயரத்தைத் தாண்டிய ஓவியங்கள் வரைந்தார்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை. அடுத்த சுவருக்கு என் யோசனை ஒன்று: சாமான் ஏற்றி வந்த வண்டி, கூட வந்த பாட்டி, இன்றைக்கும் பழைய ஏரியா வேலைக்கே பஸ் பிடிக்கும் அம்மா. வரைய வருகிறவர்கள் பென்சிலை எடுப்பதற்கு முன்னால் அங்கிருக்கும் பெரியவர்களிடம், "எங்கேருந்து, எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்கட்டும்.