யுபிஎஸ் எத்தனை விஏ வாங்கலாம்? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, கடைக்காரர் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் போதும் என்கிறார். என் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸில் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி) 450 வாட் என்று போட்டிருக்கிறதே, தாங்குமா?

பதில்: தாங்கும் தம்பி. அந்த 450, எஸ்எம்பிஎஸ் அதிகபட்சமாகக் கொடுக்கக்கூடியது, உங்கள் கம்ப்யூட்டர் இழுப்பது அல்ல. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டைப்பிங், டேலி, யூடியூப் என்று ஓடுகிற மெஷின் மானிட்டரோடு சேர்த்து 100, மிஞ்சினால் 150 வாட். ஆனால் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிற விஏவை மட்டும் பார்க்காதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் வாட் இருக்கும், அதுதான் உண்மையில் தாங்கும் அளவு, 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான்.

கேள்வி: எவ்வளவு நேரம் நிற்கும் சார்?

பதில்: உள்ளே பொதுவாக 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி, அப்போ 100 வாட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வரணுமே என்று தோன்றும். வராது. வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது, ஏசியாக மாற்றும்போதும் கொஞ்சம் வீணாகும். 15, 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்வரை. சேவ் பண்ணி ஷட்டவுன் செய்யத்தான் யுபிஎஸ், உட்கார்ந்து வேலை பார்க்க இல்லை.

கேள்வி: கேமிங் பிசி. 1000 விஏ இருந்தும் கேம் நடுவே கரண்ட் போனால் சட்டென்று அணைந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது போனால் ஒன்றும் ஆவதில்லை.

பதில்: பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 1000 விஏ பெரும்பாலும் 600 வாட், கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு எகிறி இழுக்கும், யுபிஎஸ் ஓவர்லோடு என்று கையை விரித்துவிடும். 900 வாட் வரும் மாடல் பாருங்கள், முடிந்தால் ப்யூர் சைன்வேவ் (வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தருவது); புது எஸ்எம்பிஎஸ் சிலதுக்கு மலிவு யுபிஎஸ்ஸின் சதுர அலை ஒத்துவராது.

கேள்வி: லேசர் பிரிண்டரையும் அதிலேயே சொருகலாமா?

பதில்: கூடாது. சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். நானும் ஒருமுறை சொருகிப் பார்த்து, கீச்சென்ற சத்தத்தோடு பிரிண்டர், கம்ப்யூட்டர் இரண்டும் அணைந்ததைப் பார்த்தவன்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் மாதாந்திர ஷட்டவுன், காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். வீட்டிலிருந்தே வேலை. பெரிய யுபிஎஸ் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் அக்கா, பணம் தண்டம். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் போடுங்கள், பின்னால் இருக்கும் ஸ்விட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள், அப்படி வைக்காவிட்டால் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். அப்புறம் ரவுட்டரும் அதே லைனில் இருக்கிறதா என்று பாருங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.