டூப்ளிகேட் பாட்டிலை முதலில் காசு கொடுத்து வாங்குங்கள், புகார் அப்புறம்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் சின்ன யூனிட் வைத்து மூலிகைக் கூந்தல் எண்ணெய் தயாரிக்கிறோம். காஸ்மெட்டிக் லைசென்ஸ் இருக்கிறது. ஆறு வருடமாக ஒரே பெயர், ஒரே லேபிள். நான்கு மாதமாக ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் எங்கள் பெயரையும் நாங்கள் எடுத்த போட்டோவையும் அப்படியே போட்டு யாரோ பாதி விலைக்கு விற்கிறார்கள். வாங்கியவர்கள் நாற்றம் அடிக்கிறது என்று எங்களைத் திட்டுகிறார்கள். மூன்று முறை புகார் கொடுத்தோம், ஒரு முறை லிஸ்டிங் போனது, அடுத்த வாரமே வேறு கடைப் பெயரில் வந்துவிட்டது. ட்ரேட்மார்க்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் பதிவாகவில்லை. போலீசுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். மூன்று புகார் கொடுத்திருக்கிறீர்கள், ஒரு பாட்டில்கூட வாங்கவில்லை, என்னை உறுத்துவது அதுதான். லிஸ்டிங் போனதும் அதோடு விற்றவனின் தடமும் போய்விட்டது, இப்போது உங்கள் கையில் இருப்பது மூன்று தானியங்கி பதில் மின்னஞ்சல்கள் மட்டும். புதிதாக முளைத்திருக்கும் கடை இன்னும் இருக்கிறது இல்லையா? அதைத் தொடாதீர்கள். கமென்ட் போடாதீர்கள், விற்பவருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்.

உங்கள் கம்பெனிக்கு நேரடித் தொடர்பு இல்லாத ஒருவர் மூலம் (மாமா வீட்டுப் பையன், தோழி, யாராக இருந்தாலும் சரி) அவர் கணக்கிலிருந்து இரண்டு பாட்டில் வாங்கச் சொல்லுங்கள். ஆர்டர் போடும் முன் அந்தப் பக்கத்தை முழு இணைய முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி பதிவு செய்யச் சொல்லுங்கள். பார்சல் வந்ததும் பிரிப்பதை நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும், கூரியர் ஸ்டிக்கர், பில், பாட்டில், பேட்ச் எண் எல்லாம் அதில் விழ வேண்டும். ஒரு பாட்டிலை மட்டும் திறந்து பாருங்கள், இன்னொன்று சீல் உடையாமல் அலமாரியில் இருக்கட்டும். காசு திரும்ப வருகிறதே என்று ரிட்டர்ன் போட்டுவிடாதீர்கள், ஆதாரத்தைத் தபாலில் எதிராளிக்கே அனுப்பி வைத்த கதையாகிவிடும்.

எல்லாரும் தூக்கிப் போடும் அந்த பில்தான் இதில் முக்கியம். அதில் விற்பவரின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் சட்டப்படியான பெயர், தொழில் நடக்கும் இடம், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். மூன்று கடைப் பெயருக்குப் பின்னால் ஒரே எண் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது போக, 2020ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பவரின் முகவரி விவரங்களைத் தளம் கொடுத்தாக வேண்டும். அதையும் அந்தப் பையனே கேட்கட்டும். வீடியோவும் ஸ்க்ரீன்ஷாட்டும் கோர்ட்டில் நிற்க வேண்டுமானால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும் (மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ், பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்பார்கள்), அதனால் படம் எடுத்த போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்.

சரி, ட்ரேட்மார்க்குக்கு வருவோம். விண்ணப்பம் கொடுத்தாலே உரிமை வந்துவிட்டதாக நிறைய பேர் நினைக்கிறார்கள். 1999ஆம் ஆண்டு ட்ரேட்மார்க் சட்டப்படி மீறல் வழக்குப் போட பதிவு வேண்டும், பதிவாகிவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும். அதுவரை உங்களுக்கு இருப்பது 'என் சரக்கு என்று ஏமாற்றி அவன் சரக்கை விற்கிறான்' என்ற வகை வழக்கு, சட்டத்தின் 27(2) அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆறு வருட பில், லேபிள் அச்சடித்த ரசீது, விளம்பரச் செலவு எல்லாம் அங்கே பேசும், எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். ட்ரேட்மார்க் பதிவில் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள்: கூந்தல் எண்ணெய் 3ஆம் வகுப்பு, ஆயுர்வேத மருந்தாக விற்றால் 5ஆம் வகுப்பு. விண்ணப்பம் எந்த வகுப்பில் போயிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், ஏஜென்ட் தப்பாகப் போட்டதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்தவர்கள் உண்டு. விரைவுப் பரிசீலனைக்கு சிறு தொழிலுக்கு 20,000 ரூபாய் கட்டணம், இந்த நிலைமையில் கட்டலாம். பதிவாகும் முன் லேபிளில் வட்டத்துக்குள் ஆர் போடும் ஆசை மட்டும் வேண்டாம், 107ஆம் பிரிவில் அதற்கு உங்கள் மேல்தான் அபராதம் விழும்.

அடுத்தது புகார். தளம் ஏன் மெத்தனமாக இருக்கிறது என்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு அதற்குக் குடை பிடிக்கிறது. மற்றவர் ஏற்றியதற்குத் தளம் பொறுப்பல்ல, விஷயம் தெரிந்த பிறகும் சும்மா இருந்தால்தான் பொறுப்பு. 'தெரிந்தது' என்றால் கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வந்திருக்க வேண்டும் என்று 2015ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அடுத்த வருடம் மைஸ்பேஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், காப்புரிமைக்கு (காப்பிரைட்) அது வேறு, எந்தப் படைப்பு எங்கே இருக்கிறது என்று உரிமையாளர் குறிப்பாகச் சுட்டிக்காட்டினால் போதும் என்றது.

உங்களுக்கு வழி அங்கேதான் திறக்கிறது. போட்டோவும் லேபிள் ஓவியமும் உங்களுடையவை என்கிறீர்களே, காப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. 2013ஆம் ஆண்டு காப்புரிமை விதிகளில் 75ஆம் விதி இருக்கிறது: அதில் கேட்டிருக்கும் விவரங்களோடு எழுத்துப் புகார் போனால் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும், 21 நாள் அப்படியே வைக்க வேண்டும். இதில் ஒரு கொக்கி உண்டு, அந்த 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு கொண்டுவருவேன் என்று நீங்கள் உறுதி கொடுக்க வேண்டும், கொண்டுவராவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம். ஆகவே வக்கீல் தயாரான பிறகு எடுக்க வேண்டிய ஆயுதம் இது. சாதாரண புகாரிலும் 'எங்கள் பொருளை டூப்ளிகேட் செய்கிறார்கள்' என்று பொதுவாக எழுதாமல், ஒவ்வொரு லிஸ்டிங்கின் முகவரி, அசல் போட்டோவின் கோப்பு, வாங்கிய பாட்டிலின் படம், விண்ணப்ப எண் என்று தாருங்கள். அதே விற்பனையாளர் முன்பு நீக்கப்பட்டவர் என்றால் அதைத் தனி வரியில் எழுதுங்கள், ட்ரேட்மார்க், காப்புரிமைச் சட்டங்களின்படி நீக்கப்பட்டதைத் திரும்பத் திரும்ப விற்பவர்களின் விவரத்தைத் தளம் பதிவு செய்து வைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று அந்த 2020 விதிகளே சொல்கின்றன.

சமூக ஊடகத்தில் உங்கள் பெயரில் யாராவது போலிப் பக்கம் தொடங்கினாலும் இதே முறைதான், புகாரை அவர்களின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். நிறைய பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இன்னொரு கதவையும் யாரும் தட்டுவதில்லை: உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர். இன்னொருவரின் காஸ்மெட்டிக் பெயரில் தயாரித்தால் 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் அது போலி அழகுசாதனம், லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பது தனிக் குற்றம். ஆய்வாளருக்கு மாதிரி எடுக்கவும் சோதனை போடவும் அதிகாரம் உண்டு, உங்கள் ட்ரேட்மார்க் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பாட்டிலில் உங்கள் லைசென்ஸ் எண்ணையே அச்சடித்திருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். இப்படிப்பட்ட துறைகள் இறங்கினால் தளத்தின் கிடங்குக்கே போவார்கள். 2025 மார்ச்சில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் திருவள்ளூர் மாவட்டத்தில் அமேசான் கிடங்கில் சோதனை போட்டு, தரச் சான்று இல்லாத பொருட்கள் 3,000க்கு மேல் கைப்பற்றியது நினைவிருக்கலாம்.

இப்போது போலீஸ். ட்ரேட்மார்க் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகளில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். சட்டத்தின் வரையறையைப் படித்தால் பதிவாகாத குறிக்கும் இது பொருந்தும், ஆனால் ஸ்டேஷனில் முதல் கேள்வி 'சர்டிபிகேட் எங்கே' என்பதுதான். வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டுக் கைப்பற்ற டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அவரும் முதலில் ட்ரேட்மார்க் பதிவாளரின் கருத்தை வாங்க வேண்டும், அதற்குள் சரக்கு இடம் மாறிவிடும் என்பது வேறு விஷயம். 1930 எண் பணமோசடிக்கானது, காசு கட்டி ஒன்றுமே வராமல் ஏமாந்தவர்களுக்கு. இதற்கு அது உதவாது.

அதனால் என் கணக்கில் உங்களுக்கு சிவில் கோர்ட்தான் வேகம். இடைக்காலத் தடை கேட்டு, கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி அந்த ஜி.எஸ்.டி. முகவரியில் இருக்கும் சரக்கைக் கைப்பற்றச் சொல்லலாம், எதிராளிக்கு முன்கூட்டியே நோட்டீஸ் போகாமலே. பெயர் தெரியாதவர்களையும் சேர்க்கலாம், அதற்கு நம் கோர்ட்டுகளில் 'அசோக் குமார் உத்தரவு' என்றே பேர் (பாவம் அந்த அசோக் குமார், எத்தனை வழக்கு அவர் மேல்!). காப்புரிமையையும் சேர்த்துப் போட்டால் நீங்கள் தொழில் செய்யும் ஈரோடு மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய வழி உண்டு, இதை வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் அவசரப்பட்டு நீங்களே 'ட்ரேட்மார்க் மீறல், ஜெயிலுக்கு அனுப்புவேன்' என்று விற்பவனுக்கு மிரட்டல் கடிதம் எழுதாதீர்கள். பதிவில்லாமல் அப்படி மிரட்டினால் ட்ரேட்மார்க் சட்டத்தின் 142ஆம் பிரிவில் அவன் உங்கள் மேல் வழக்குப் போட முடியும்.

உங்களைத் திட்டும் வாடிக்கையாளர்களுக்குக் கோபமாகப் பதில் எழுதாதீர்கள். பில்லின் படத்தைக் கேட்டு வாங்குங்கள், 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். போலிச் சரக்கைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. அவர்களில் நாலு பேர் எழுதிக் கொடுத்தால் உங்கள் ஃபைலில் சாட்சியும் சேர்ந்துவிடும். பாட்டில் கைக்கு வந்ததும் பில்லோடு எழுதுங்கள், நோட்டீஸ் வரைவைப் பார்த்துச் சொல்கிறேன்.