விடுதி அறைச் சோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, நள்ளிரவில் எழுதி வாங்கிய கடிதம்: கல்லூரியின் அதிகாரம் எதுவரை?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி விடுதியில் மூவர் தங்கும் அறையில் இருக்கிறான். சென்ற மாதம் ஒருநாள் இரவு விடுதிக் காப்பாளரும் காவலாளிகளும் அறையைச் சோதனையிட்டு, உடன் தங்கியிருக்கும் மாணவனின் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலம் கஞ்சாவை எடுத்திருக்கிறார்கள். மூவருக்கும் கல்லூரி மருத்துவ அறையில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, என் மகனுக்கும் 'பாசிட்டிவ்' என்று சொல்லி, நள்ளிரவில் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் அவன் பெயரும் படமும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டன. விசாரணையின்போது, அவன் கல்லூரி மனநல ஆலோசகரிடம் முன்பு சொன்ன விஷயங்களையே முதல்வர் எடுத்துக் கேட்டிருக்கிறார். ஆலோசகருக்கு மாதக்கணக்கில் எல்லாம் தெரிந்திருந்தும் பெற்றோராகிய எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது ஒரு பருவம் இடைநீக்கம் என்று உத்தரவு வந்திருக்கிறது. 'நீங்களாகவே டி.சி. கேட்டு எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் போலீசுக்குப் போவோம், அசல் சான்றிதழ்களும் கிடைக்காது' என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: மதிப்பிற்குரிய ஐயா,

டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். இடைநீக்க உத்தரவு கல்லூரி எடுத்த முடிவு. அதை எதிர்த்து முறையிடவும் வழக்குத் தொடுக்கவும் வழியுண்டு. மாற்றுச் சான்றிதழ் கேட்டு உங்கள் மகன் கையெழுத்திட்டுவிட்டால் அது அவனே விரும்பி வெளியேறியதாக ஆகிவிடும். பிறகு எதிர்ப்பதற்குக் கல்லூரியின் உத்தரவு என்று ஒன்று நம் கையில் இருக்காது. கல்லூரியை மாற்றிவிடுவதே நல்லது என்று பின்னால் நீங்கள் முடிவு செய்தாலும், அதை அமைதியாக ஆலோசித்துச் செய்ய வேண்டுமே தவிர, போலீஸ் என்ற மிரட்டலுக்கு அஞ்சிச் செய்யக் கூடாது.

அந்த மிரட்டலின் அளவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின்படி, கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைவானது 'சிறிய அளவு'. 20 கிலோவுக்கு மேற்பட்டது 'வணிக அளவு'. சிறிய அளவை வைத்திருப்பதற்கு 20-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கஞ்சாவைப் பயன்படுத்தியதற்கு 27-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனை மிகக் கடினமாக்கும் 37-ஆம் பிரிவின் கூடுதல் நிபந்தனைகள் வணிக அளவுக்கும் வேறு சில கடும் குற்றங்களுக்கும் உரியவை. ஒரு சிறு பொட்டலத்துக்கு அவை பொருந்தா. பொட்டலம் இருந்ததோ இன்னொரு மாணவனின் பையில். ஒரே அறையில் தங்கியிருப்பதனால் மட்டுமே அது உங்கள் மகனின் வசம் இருந்ததாகிவிடாது. அது அங்கிருப்பதை அவன் அறிந்திருந்தான், அதன்மீது அவனுக்கும் பிடி இருந்தது என்பதை அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். இவற்றைச் சொல்வது விஷயத்தை இலேசாக்குவதற்காக அல்ல. வழக்குப் பதிவானால் அதன் சுமை ஓர் இளைஞனின் வேலைவாய்ப்பையும் கடவுச்சீட்டு விண்ணப்பத்தையும் ஆண்டுக்கணக்கில் அழுத்தும் என்பதை நான் நன்கு அறிவேன். ஆனால் அச்சத்தின் அளவு தெரியாமல் எடுக்கும் முடிவுகள்தான் இத்தகைய குடும்பங்களைப் பெரும்பாலும் கெடுக்கின்றன.

கல்லூரி காவல்துறைக்குத் தகவல் தரலாமா என்றால், தரலாம். தன் வளாகத்தில் இத்தகைய குற்றம் நடக்கத் தெரிந்தே இடம் கொடுப்பவரையும் அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஆகவே நிர்வாகத்தின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. புகார் கொடுக்க வேண்டும் என்று கருதினால் அவர்கள் அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நீ வெளியேறினால் கொடுக்க மாட்டோம் என்று பேரம் பேசுவதற்கு எந்தச் சட்டமும் அவர்களுக்கு உரிமை தரவில்லை. அப்படிச் சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார், யார் முன்னிலையில் சொன்னார் என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த மன்னிப்புக் கடிதம். காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 23-ஆம் பிரிவில் தடுக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற பிற அலுவலர்களிடம் அளித்த ஒப்புதலையும் ஏற்க முடியாது என்று 2020-இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விடுதிக் காப்பாளரோ காவல் அதிகாரி அல்லர். எனவே போலீஸ் நிலையத்தில் எழுதி வாங்கினால் செல்லாது போகும் ஒரு வாக்குமூலம், விடுதி அலுவலகத்தில் எழுதி வாங்கப்பட்டதாலேயே நீதிமன்ற வாசலை எட்டிவிடக் கூடும். மன்னிப்புக் கேட்டு எழுதினால் விஷயம் இத்தோடு முடிந்துவிடும் என்று நம்பி மாணவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்தும் கோப்பில் நிற்பது அந்தத் தாள்தான். அதற்கு எதிரான வாதமும் உண்டு: அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதலுக்கு மதிப்பில்லை என்று அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு கூறுகிறது. காப்பாளர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பதை நீதிமன்றம் சூழ்நிலையைப் பார்த்தே முடிவு செய்யும். ஆகையால் அந்தச் சூழ்நிலை இப்போதே பதிவாக வேண்டும். எத்தனை மணிக்கு அழைத்துச் சென்றார்கள், யார் யார் இருந்தார்கள், வாசகத்தை யார் சொல்லச் சொல்ல எழுதினான், கைபேசியைப் பிடுங்கி வைத்திருந்தார்களா, வீட்டுக்குப் பேச விட்டார்களா என்பவற்றை உங்கள் மகன் குறித்துத் தரட்டும்; அந்தக் கடிதம் தன் விருப்பத்தின்படி எழுதப்பட்டதல்ல என்று வழக்கறிஞர் மூலம் கல்லூரிக்கு மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் தெரிவிக்கலாம். அப்படி அனுப்பும் கடிதத்தில், கஞ்சாவைப் பயன்படுத்தினேன் என்றோ பயன்படுத்தவில்லை என்றோ ஒரு சொல்லும் வேண்டாம். உண்மைக்கு மாறாக எதையும் எழுதவே கூடாது.

அறைச் சோதனையைப் பொறுத்தவரை உங்களுக்கு உவப்பில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 42, 50-ஆம் பிரிவுகள் சோதனைக்கு விதிக்கும் பாதுகாப்புகள் அரசு அதிகாரிகளைக் கட்டுப்படுத்துபவை. காப்பாளரை அவை கட்டுப்படுத்தா. விடுதியில் சேரும்போது அறைச் சோதனைக்கு உடன்படுவதாக மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடுவது வழக்கம், நீங்களும் இட்டிருப்பீர்கள். சோதனை முறைகேடானது என்பதனாலேயே கிடைத்த பொருள் சாட்சியமாகாது என்ற விதியும் நம் நாட்டில் இல்லை. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அறுதியிட்டுச் சொன்னது. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், விடுதி மாணவிகள் மாலையில் கைபேசி பயன்படுத்தக் கூடாது என்ற விதியை அந்த உரிமையை முன்வைத்தே நீக்கியது. இவை துணைக்கு வரும். என்றாலும் சோதனையை மையமாக வைத்து வழக்கை அமைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறுநீர்ப் பரிசோதனையில் நம் நிலை வலுவானது. கைதான ஒருவரை மருத்துவர் பரிசோதிக்கும்படி கேட்கும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆம் பிரிவின்கீழ் காவல்துறைக்கு உண்டு; கல்லூரிக்கு அப்படி எந்த அதிகாரமும் இல்லை. மருத்துவச் செயல் எதுவானாலும் நோயாளி விவரம் அறிந்து தரும் சம்மதம் வேண்டும் என்பதை 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. நள்ளிரவில், காவலாளிகள் சூழ நிற்க, 'கொடு' என்று நீட்டிய குப்பியை வாங்கிக்கொண்டதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. மேலும், மருத்துவ அறைகளில் பயன்படும் பட்டைச் சோதனை முதற்கட்டச் சோதனை மட்டுமே. அதன் முடிவை ஆய்வகத்தில் வேறு முறையில் உறுதிப்படுத்திய பிறகே திடமாகப் பேச இயலும். கஞ்சாவின் எச்சம் உடலில் பல நாட்கள், தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு வாரக்கணக்கிலும் தங்கும். ஆகவே அது வளாகத்துக்குள் பயன்படுத்தப்பட்டதா, என்றைக்குப் பயன்படுத்தப்பட்டது என்பதற்கு இந்த முடிவு விடை சொல்லாது. மாதிரியை யார் எடுத்தார், எப்படி முத்திரையிட்டார்கள், உறுதிப்படுத்தும் சோதனை நடந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

மனநல ஆலோசகர் உங்களிடம் சொல்லவில்லை என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஒரு தகப்பனாக நீங்கள் வேறு விதமாக நினைக்க முடியாது. ஆனால் உங்கள் மகன் 18 வயது நிறைந்தவர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளின் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அத்தகையவருக்குச் சிகிச்சை தருவோர் இரகசியம் காக்க வேண்டும் என்பதை அதன் 23-ஆம் பிரிவு கடமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகளே உண்டு. எனவே உங்களிடம் சொல்லாமல் இருந்ததில் அவர் தவறு செய்யவில்லை. முதல்வரிடம் சொன்னதுதான் தவறு. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆதாரம் திரட்டுவது அந்த விலக்குகளில் ஒன்றிலும் அடங்காது. அவர் அச்சட்டத்தின்கீழ் வரும் தொழில்முறை வல்லுநர் அல்லர் என்று கல்லூரி வாதிடலாம். அப்போதும், நம்பிக்கையின் பேரில் பகிர்ந்த உடல்நல விவரத்தை உங்கள் மகனுக்கு எதிராகவே பயன்படுத்தியது அந்தரங்க உரிமை மீறல் என்ற வாதம் நிற்கும். இந்த வழக்கில் பொது நன்மை சார்ந்த பகுதி இதுவே என்பது என் கருத்து. ஆலோசனை அறையில் பேசியது விசாரணை மேசைக்கு வரும் என்று தெரிந்துவிட்டால், நாளை உதவி தேவைப்படும் எந்த மாணவனும் அந்தக் கதவைத் தட்டமாட்டான்.

வாட்ஸ்அப் பதிவை உடனே நீக்கக் கோரி அறிவிப்பு அனுப்புங்கள். அதற்கு முன், பதிவிட்டவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி திரைப்பதிவு எடுத்து, மூலப் பதிவு உள்ள கைபேசியைப் பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சான்றுக்குச் சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். விசாரணை முடியுமுன்பே குற்றவாளி என்று படத்தோடு பரப்பியது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்கீழ் அவதூறாகலாம். 2023-ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் இங்கே மேற்கோள் காட்டுவார்கள். அதன் கடமைகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருபவை என்பதால், அதை மட்டும் நம்பி மனுவை அமைக்க வேண்டாம்.

இனி இடைநீக்க உத்தரவு. மாணவரைத் தண்டிக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 1962-இல் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கிலிருந்து நிலைத்த சட்டம். அதே சமயம், கல்லூரி விசாரணை நீதிமன்ற விசாரணையைப் போல நடக்க வேண்டியதில்லை; ராஞ்சி மருத்துவக் கல்லூரி தொடர்பான 1973-ஆம் ஆண்டு ஹீரா நாத் மிஸ்ரா வழக்கில், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விடாததைக்கூட உச்ச நீதிமன்றம் அச்சூழலில் குறையாகக் கொள்ளவில்லை. ஆகவே வழக்கறிஞரை அனுமதிக்கவில்லை என்பது போன்ற வாதங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம். குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டதா, பதிலளிக்க அவகாசம் இருந்ததா, எந்த ஆதாரத்தை வைத்து முடிவெடுத்தார்கள் என்பது காட்டப்பட்டதா, பையின் உரிமையாளருக்கும் உங்கள் மகனுக்கும் ஒரே தண்டனை என்றால் அதற்குக் காரணம் சொல்லப்பட்டதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் முதலில் மனுக் கொடுங்கள். அக்குழு கூடியவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தியில்லையென்றால் முடிவு கிடைத்த 15 நாட்களுக்குள், இணைப்பளித்த பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் அந்த விதிமுறைகளின்படி குறைதான். சரிபார்த்தபின் அசல்களைத் திருப்பித் தர வேண்டும் என்று மானியக் குழு 2018-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. பருவத் தேர்வு நெருங்கிவிட்டால் இந்தப் படிகளுக்காகக் காத்திராமல், அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்து, முடிவுக்குக் கட்டுப்பட்டுத் தேர்வெழுத அனுமதிக்குமாறு இடைக்கால உத்தரவு கோரலாம். பொதுக் கடமை ஆற்றும் தனியார் கல்லூரிமீதும் அத்தகைய மனு நிலைக்கும். மனுவிலும் வக்காலத்திலும் உங்கள் மகனே கையெழுத்திட வேண்டும். நீங்கள் அவருக்காக இட முடியாது. செலவு தடையாக இருந்தால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி குறித்துக் கேட்கலாம்.

கடைசியாக, உங்கள் மகனுக்கு உண்மையிலேயே பழக்கம் இருக்கிறதா என்பதை நான் கேட்கவில்லை. நீங்கள் அவனிடம், தண்டிக்கும் குரலில் அல்லாமல், கேட்க வேண்டும். இருக்கிறது என்றால் சட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் 27-ஆம் பிரிவின்கீழோ சிறிய அளவு சார்ந்த குற்றத்துக்கோ குற்றஞ்சாட்டப்பட்டாலும், அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். எனவே மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அங்கீகாரத்தை உறுதிசெய்து, சேர்க்கைச் சீட்டு முதல் ஒவ்வொரு வருகைப் பதிவையும் தேதி வாரியாக வைத்திருங்கள். அருகிலுள்ள மையம் எது என்பதை 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம். சிகிச்சை தொடங்கிய விவரத்தைக் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தெரிவிப்பதா வேண்டாமா என்பதை வழக்கறிஞரோடு கலந்துபேசி உங்கள் மகனே தீர்மானிக்கட்டும்.